முன்னால் இரண்டு சக்கரம்

"கண்ணை மூடிக்கோ," என்றார் மாமா. "கையை வச்சு ஜாயின்ட் எங்கேன்னு சொல்லு பாப்போம்."

நான் வண்டியின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து கண்ணை மூடினேன். இடது சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஆர்ம் என்ற இரும்புக் குழாய் மேல் விரல்களை வைத்தேன். சிவப்புப் பெயின்ட் அப்போதுதான் காய்ந்திருந்தது. குழாயின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடவிக்கொண்டு போனேன். திரும்பி வந்தேன். குழாய் எங்கே முடிகிறது, தகடு எங்கே தொடங்குகிறது என்று விரல்களுக்குத் தெரியவில்லை.

"கிடைக்காது," என்று சிரித்தார் மாமா. "எவனாலயும் முடியாது."

இன்னொரு முறை தடவிப் பார்த்தேன்.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். கேட்டும் ஜன்னல் கிரில்லும் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். வெல்டிங் வைத்த இடத்தில் இரும்பு உருகி உறைந்து ஒரு புழு படுத்திருப்பது போல மேடாக நிற்கும். பல பட்டறைகளில் அதை அப்படியே விட்டுப் பெயின்ட் அடித்துவிடுவார்கள். மாமா விடமாட்டார். கிரைண்டர் பிடித்து அந்த மேட்டை வழவழவென்று தேய்ப்பார். மீதிப் பள்ளத்தில் பட்டி பூசி, உப்புத்தாள் போட்டு, அதற்குப் பிறகுதான் பெயின்ட். அவர் செய்த கேட் முழுக்க ஒரே வார்ப்பு போல இருக்கும். வாடிக்கையாளர்களைக் கண்ணை மூடித் தடவச் சொல்வது அவருடைய வழக்கமான விளையாட்டு.

"எல்லா ஜாயின்ட்டையும் தேச்சிட்டீங்களா மாமா?"

"பின்னே? மகாராணி ஏறப்போற வண்டி. பால் பொங்கி வழிஞ்ச மாதிரி விட்டுட முடியுமா?"

அந்த மேடுதான் பலம். அதைத் தேய்த்துவிட்டால் இரண்டு இரும்பையும் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு மெல்லிய தோல் மட்டும். கேட்டுக்கு அது போதும். ஓடுகிற வண்டிக்குப் போதாது. இதைச் சொல்ல வாயைத் திறந்தேன். மாமாவின் முகத்தைப் பார்த்தேன்.

"நல்லா இருக்கு மாமா," என்றேன்.

*

இந்த வண்டி அக்காவின் காலிலிருந்து பிறந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் மாமாவின் பைக் ஒரு திருப்பத்தில் மணலில் சறுக்கியது. பின்னால் அக்கா இருந்தாள். மாமாவுக்குச் சிராய்ப்போடு போயிற்று. அக்காவின் இடது முட்டி நொறுங்கியது. ஒட்டவைத்தார்கள், ஆனால் மடங்காமலே நின்றுவிட்டது. அதன்பிறகு மாமா யாரையும் பின்னால் ஏற்றியதில்லை. அந்த நாளைப் பற்றி அவர் பேசியும் நான் கேட்டதில்லை.

அக்கா தையல் கம்பெனி ஒன்றில் துணி வெட்டும் பிரிவைப் பார்த்துக்கொள்கிறாள். வாடகைக் காரில் போய்வருகிறாள். அவள் காலை நீட்டுவதற்காக முன் சீட்டைப் பின்னால் தள்ளும்போதெல்லாம் டிரைவர் ஒரு பெருமூச்சு விடுவாராம். "அந்தப் பெருமூச்சுக்கே ஒரு நாள் அவன் கழுத்தை நெரிக்கப் போறேன்," என்பாள்.

பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரைப் போய்ப் பார்த்தோம். மடங்காத கால் அதன் முன்தகட்டில் முட்டியது. வெளியே நீட்டிக்கொண்டுதான் ஓட்ட முடியும். "ரயில்வே கேட் மாதிரி காலை நீட்டிட்டுப் போனா எதிர்ல வர்றவன் எல்லாம் நின்னுடுவான்," என்று சிரித்தாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் மாமா என்னிடம் வந்தார். "ஏ சயின்டிஸ்ட். காலை நீட்டி உக்காந்து ஓட்டுற மாதிரி ஒரு வண்டி செய்ய முடியாதா?"

இயற்பியல் படித்ததால் எனக்கு அந்தப் பெயர். தண்ணீர் பரிசோதிக்கும் கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். வண்டியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று என்று வைத்தால் இரண்டு முன் சக்கரங்களுக்கும் நடுவே காலை நீட்டலாம் என்று தோன்றியது. அக்காவைத் தரையில் சுவரோரமாக உட்காரவைத்து, இடுப்பிலிருந்து குதிகால்வரை அளந்தேன். அந்த அளவை வைத்துத்தான் மற்ற எல்லாம். முற்றத்துச் சிமென்ட் தரையில் முழு அளவில் வண்டியைச் சாக்பீஸால் வரைந்தேன். அக்கா அந்தக் கோட்டுக்குள் உட்கார்ந்து, இல்லாத ஹேண்டிலைப் பிடித்து ஹாரன் அடித்துக் காட்டினாள்.

கியர் இல்லாத பழைய ஸ்கூட்டர் ஒன்றின் பின்பாதியை, இன்ஜினும் சக்கரமுமாக, மாமா அறுத்துக்கொண்டு வந்தார். உடைத்துப் போட்ட ஒரு சின்ன காரிலிருந்து முன் சக்கரங்களின் அச்சுகள் வந்தன. நடுச் சட்டமும், சக்கரங்களை அதோடு இணைக்கும் ஆர்ம்களும் மாமாவின் கைவேலை. ஒவ்வொரு பக்கமும் மேலே ஒன்று, கீழே ஒன்று. இந்த மாதிரி வண்டியில் பாரம் முன் சக்கரங்களுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பின்னால் போனால் திருப்பத்தில் கவிழ்ந்துவிடும். அதனால் பேட்டரியையும் பெட்ரோல் டேங்கையும் முன்னால் தள்ளிவைத்தேன். உடம்பு எடை பார்க்கும் மெஷினை ஒவ்வொரு சக்கரத்துக்கும் கீழே வைத்து, அக்காவை உட்காரவைத்துப் பார்த்தேன். கணக்கு சரியாக வந்தது. அன்று எனக்குப் பயமே இல்லை.

வெல்டிங் முடிந்தபோது மேடுகள் இருந்தன. என் கண்ணால் பார்த்தேன். பெயின்ட் அடிக்கப் பட்டறைக்குப் போன வண்டி, மேடுகள் இல்லாமல் திரும்பி வந்தது.

*

அந்த வாரம் தினமும் மாலையில் வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்தில் மாமா வண்டியை ஓட்டினார். எட்டுப் போட்டார். வேகமாக வந்து சட்டென்று நிறுத்தினார். பின்பக்கம் லேசாகத் தூக்கி இறங்கும். அக்கா கைதட்டுவாள். சுவரில் ஏறிப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் விசில் அடிப்பார்.

நான் காதை மட்டும் தீட்டிக்கொண்டு நிற்பேன்.

வியாழக்கிழமை கேட்டது. வண்டி வலது பக்கம் திரும்பும்போது, 'டிக்.' மிகச் சின்னதாக. யாரோ விரலில் சொடக்கு எடுத்தது போல. இடது பக்கம் திரும்பும்போது இல்லை. வலது பக்கம் திரும்பினால் பாரம் இடது சக்கரத்தின் மேல் விழும்.

சாப்பிடும்போது சொன்னேன்.

"மாமா, வலது பக்கம் திரும்பறப்ப டிக்குன்னு ஒரு சத்தம் வருது."

"புது புஷ்ஷு. ரப்பர் உக்காரக் கொஞ்ச நாள் ஆகும்."

"புஷ்னா முனகும் மாமா. இது வந்து..." தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினேன். "ஜாயின்ட்டை அவ்வளவு தேச்சிருக்க வேண்டாமோன்னு..."

மாமா சாப்பிடுவதை நிறுத்தினார். "நான் போட்ட கேட்டு ஒண்ணாவது விழுந்ததா நீ கேள்விப்பட்டிருக்கியா?"

"கேட் எங்கேயும் போகாது மாமா. நின்ன இடத்துலயே நிக்கும்."

என் வாயிலிருந்துதான் அது வந்ததா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. மாமாவின் காது மடல்கள் சிவந்தன. அக்கா புகுந்தாள்.

"குக்கர் விசில் அடிச்சா அடுப்பை அணைச்சுட்டு வெளிய ஓடறவ இவ. இவ பேச்சைக் கேட்டா நாம கட்டிலை விட்டே இறங்க முடியாதுங்க. லிஃப்ட்ல ஏற மாட்டா, நாய் இருக்கிற தெருவுல போக மாட்டா, தெரியாத நம்பர்ல போன் வந்தா எடுக்க மாட்டா."

"பலூன் ஊத மாட்டா," என்றார் மாமா, குரல் கொஞ்சம் தளர்ந்து.

"பலூன்! ஆமாங்க. பலூன் இருக்கிற வீட்டுக்கே வர மாட்டா."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தினமும் குரைக்கிற நாய்க்காக யாரும் எழுந்து போய்ப் பார்ப்பதில்லை. அதில் தப்பும் இல்லை. ஆனால் இந்தப் பயம் வேறு என்று அவர்களுக்கு எப்படிக் காட்டுவது?

"திங்கக்கிழமை நானே ஓட்டிட்டுப் போறேன்," என்றாள் அக்கா. "கம்பெனில எல்லாரும் வாசல்ல நின்னு பாப்பாங்க. வாடகைக் கார்க்காரனை வர வேண்டாம்னு சொல்லியாச்சு."

எங்கள் தெருவிலிருந்து கம்பெனிக்கு ஒரே வழிதான். நீளமான இறக்கம். அதன் அடியில், பெரிய கிடங்கு ஒன்றின் கருங்கல் சுவரை ஒட்டி, வலது பக்கம் ஒரு திருப்பம்.

அன்றிலிருந்து கண்ணை மூடினால் அந்தச் சுவர்தான் வந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை மாமா யாரோ ஒருவர் வீட்டுக்குக் கேட் மாட்டப் போயிருந்தார். அக்கா மதியம் சாப்பிட்டுப் படுத்திருந்தாள். நான் சுரண்டும் கத்தி, உப்புத்தாள், மாமா பாகங்களைக் கழுவ வைத்திருக்கும் மண்ணெண்ணெய், ஒரு சாக்பீஸ் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன்.

இரும்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. மண்ணெண்ணெயைத் தடவிக் கொஞ்ச நேரம் விட வேண்டும். விரிசல் இருந்தால் அதற்குள் போய்விடும். பிறகு மேலே நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியைத் தூவ வேண்டும். உள்ளே போனதைப் பொடி வெளியே உறிஞ்சும். விரிசல் இருக்கும் இடத்தில் ஈரக்கோடு ஒன்று தெரியும்.

அதற்குமுன் பெயின்ட்டைச் சுரண்ட வேண்டும். மாமா மூன்று கோட் அடித்திருந்தார். கத்தியை வைத்தேன். எடுத்தேன். மறுபடி வைத்தேன். திருடுகிறவளைப் போலத் தெருவைப் பார்த்துக்கொண்டேன். முதல் கீறல் விழுந்ததும் காது அடைத்துக்கொண்டது.

வலது கீழ் ஆர்மின் அடிப்பக்கத்தில் முதலில் பார்த்தேன். பட்டி செதில் செதிலாக உதிர்ந்தது. இரும்பு வந்தது. மண்ணெண்ணெய், துடைப்பு, பொடி. வெள்ளையாகவே இருந்தது. ஒன்றும் இல்லை. எனக்கு அழுகை வந்தது, நிம்மதியிலா வெட்கத்திலா என்று தெரியவில்லை. இத்தனை அழகான வேலையைச் சுரண்டி வைத்திருக்கிறேன். இதோடு எழுந்து போய்விடலாமா என்று இருந்தது.

இடது பக்கம் போனேன். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டுதான் பார்க்க முடிந்தது. பொடியைத் தூவிவிட்டுக் காத்திருந்தேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு புள்ளி கறுத்தது. பக்கத்தில் இன்னொன்று. இரண்டும் சேர்ந்தன. முகத்துக்கு ஒரு சாண் மேலே, ஒரு முடி விழுந்தது போல, குழாயைச் சுற்றிக் கோடு மெல்ல வளர்ந்துகொண்டே போனது.

"அடியே! என்னடி பண்ற?"

அக்காவின் கால்கள் தெரிந்தன. ஒன்று நேராக, ஒன்று சாய்ந்து.

"பெயின்ட்டை ஏன்டி சுரண்டின? உனக்குப் பைத்தியமா? அந்த மனுஷன் பாத்தா—"

"அக்கா, குனிய முடியாதுல்ல. போன்ல படம் எடுத்துக் காட்டறேன்."

"படமா? நகரு."

சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்படியே தரையில் சாய்ந்து, என் பக்கத்தில் தலையை வைத்தாள். கோட்டைப் பார்த்தாள். கட்டைவிரலால் அழுத்தித் துடைத்தாள். கோடு போய்விட்டது.

"போச்சு பாரு. அழுக்கு."

நான் மறுபடி பொடியைத் தூவினேன். இரண்டு பேரும் மல்லாந்து படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். கோடு அதே இடத்தில் வந்தது.

அக்கா இந்த முறை துடைக்கவில்லை.

"இது என்ன ஆகும்?"

"ஒரு நாள் விட்டுடும். என்னிக்குன்னு சொல்ல முடியாது. திரும்பறப்பவோ, பிரேக் அடிக்கிறப்பவோ. பிரேக் அடிச்சாதான் ரொம்ப மோசம் அக்கா. மொத்தப் பாரமும் முன்னாடி வந்து இது மேலதான் விழும்."

"நாளைக்கேவா?"

"தெரியல."

"சரி, எந்திரி. என்னையும் தூக்கு."

சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். கையைக் கழுவச் சோப்பு கொடுத்தேன். மண்ணெண்ணெய் வாசனை போகவில்லை.

"அவர்கிட்ட இதை எப்படிடி சொல்றது?" என்றாள். "ஏற்கெனவே ஒரு தடவை என்னை விழவச்சதை நெனச்சு நெனச்சு அந்த ஆள் பாதி ஆயிட்டார். நீங்க செஞ்சது இன்னொரு தடவை விழவச்சிருக்கும்னு சொல்லவா?"

"நான் சொல்லட்டுமா?"

"நீ சொன்னா நம்ப மாட்டார். நான் சொன்னா அழுவார்." கையை முகர்ந்து பார்த்தாள். "எனக்குப் பயமா இருக்கு, ஓட்ட மாட்டேன்னு சொல்லிடறேன். பழி என்மேல போகட்டும். அப்புறம் மெதுவா..."

"உனக்குப் பயம்னா அதையும் நம்ப மாட்டார் அக்கா."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். அப்போது முற்றத்தில் இன்ஜின் உறுமியது.

*

கேட் மாட்டும் வேலை சீக்கிரம் முடிந்திருக்க வேண்டும். நாளைக்கு அக்கா போவதற்காக டேங்கை நிரப்பிவைக்க நினைத்திருக்க வேண்டும். நான் சுரண்டியது அடிப்பக்கம், நின்று பார்ப்பவர் கண்ணில் படாது. பெட்ரோல் பங்க் இறக்கத்துக்கு அடியில், அந்தத் திருப்பத்துக்கு அப்பால். சாவி எப்போதும் மாமாவின் சட்டைப்பையில்தான் இருக்கும். வண்டி கிளம்பாதபடி பிளக் ஒயரைப் பிடுங்கி வைத்திருக்கலாம். அது எனக்கு அப்போதுதான் தோன்றியது.

நான் முற்றத்துக்கு வந்தபோது சிவப்பு வண்டி தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது.

"மாமா!"

என் குரல் எனக்கே கேட்கவில்லை. நான் கத்திப் பழகியவள் இல்லை.

"ஓடுடி!" என்று பின்னால் அக்கா அலறினாள். "படி வழியா ஓடு!"

வீடுகளுக்கு நடுவே இறக்கத்தின் அடிவரை போகும் படிக்கட்டு ஒன்று உண்டு. சாலை சுற்றி வரும், படிக்கட்டு நேராக இறங்கும். அதில் நாய் இருக்கும். நான் அந்தப் பக்கம் போவதே இல்லை. நாய் குரைத்ததா என்று நினைவில்லை. செருப்பு எங்கே கழன்றது என்றும் நினைவில்லை. ஓடும்போது ஒன்றே ஒன்றுதான் நினைத்தேன். சாலையின் நடுவில் போய் நிற்க வேண்டும், இரண்டு கையையும் தூக்கி மறிக்க வேண்டும்.

கடைசிப் படியில் வந்து நின்றபோதுதான் உறைத்தது.

மறித்தால் மாமா பிரேக் அடிப்பார். இறக்கத்தில், முழு வேகத்தில். அந்தக் கோடு தாங்காது.

மறிக்காவிட்டால் திருப்பம். கருங்கல் சுவர். வலது பக்கம் திரும்பும்போது இடது சக்கரத்தில் பாரம்.

இரண்டில் எது? கல்லூரித் தேர்வில் இதற்கெல்லாம் நேரம் கொடுப்பார்கள். பதில் தெரியாவிட்டால் அடுத்த கேள்விக்குப் போகலாம்.

வண்டி மேலே தெரிந்தது. மாமா தாழ்வாக, காலை நீட்டி, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் போல வந்துகொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பு. அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

சுவரைவிடத் தரை நல்லது என்று முடிவு செய்தேன். கிடங்குச் சுவரை விட்டு எவ்வளவு தூரம் மேலே போக முடியுமோ அவ்வளவு மேலே, சாலையோரமாக ஏறி ஓடினேன். நடுவில் நிற்கவில்லை. ஓரத்தில் நின்று, இரண்டு உள்ளங்கைகளையும் கீழ்நோக்கி வைத்து, மெல்ல, மெல்ல என்று அழுத்திக் காட்டினேன். அவர் பார்த்தார். ஒரு கையைத் தூக்கி ஆட்டினார். வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார். இன்னும் மெல்ல, மாமா. இன்னும். நான் உள்ளுக்குள் கெஞ்சினேன். வண்டி நிதானமாக இறங்கி வந்தது. நாலு ஆள் தூரம் வந்துவிட்டது. இப்படியே உருண்டு வந்து நின்றுவிடும் என்று நினைத்தேன்.

"என்ன சயின்டிஸ்ட், லிஃப்ட் வேணுமா?" என்று கத்திக்கொண்டே, மைதானத்தில் செய்வது போல, என் முன்னால் சட்டென்று பிரேக்கை அழுத்தினார்.

சத்தம் பெரிதாக இல்லை. பலகையிலிருந்து ஆணியைப் பிடுங்கியது போல ஒன்று. இடது சக்கரம் மடிந்து வண்டிக்கு அடியில் போனது. முன்பக்கம் தரையில் விழுந்து தீப்பொறி பறக்கத் தேய்ந்துகொண்டு, பம்பரம் போல அரைச் சுற்றுச் சுற்றியது. மாமா வெளியே உருண்டார். வண்டி சாலையோரத் திட்டில் மோதி நின்றது. இன்ஜின் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு அணைந்தது.

நான் அசையவில்லை. கைகள் இரண்டும் இன்னும் கீழ்நோக்கியே இருந்தன.

மாமா எழுந்து உட்கார்ந்தார். உள்ளங்கையில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. அதைப் பார்க்கவில்லை. தவழ்ந்து போய் முறிந்த ஆர்மைப் பிடித்துத் திருப்பினார். இரும்பு முறிந்த இடத்தில் ஒரு பாதி மங்கிக் கிடந்தது. மறுபாதி புதுசாகப் பளபளத்தது. அவர் இரும்போடு வாழ்கிறவர்.

"இது இப்ப விட்டது இல்ல," என்றார்.

"இல்ல மாமா."

விரலில் ஒட்டியிருந்த வெள்ளைப் பொடியைப் பார்த்தார். "இது என்ன?"

"சாக்பீஸ். மத்தியானம் சுரண்டிப் பாத்தேன். நீங்க வந்ததும் சொல்லலாம்னு..."

அவர் தலையைத் திருப்பிக் கீழே இருந்த கிடங்குச் சுவரைப் பார்த்தார். அங்கிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

*

அக்கா சாலை வழியாக வந்தாள். அவள் அவ்வளவு தூரம் நடந்து நாங்கள் பார்த்ததில்லை. இடுப்பை வீசி வீசி, மடங்காத காலைச் சுழற்றி வைத்து, ஒவ்வொரு வீட்டுச் சுவரையும் பிடித்துக்கொண்டு வந்தாள். வண்டியைப் பார்க்கவில்லை. நேராக மாமாவிடம் வந்தாள்.

"முட்டியை மடக்குங்க."

"எனக்கு ஒண்ணும் இல்ல—"

"மடக்குங்கன்னா மடக்குங்க."

மடக்கினார்.

"இன்னொண்ணு."

அதையும் மடக்கினார். அக்கா அவர் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்துவிட்டு, அதே தோளைப் பிடித்துக்கொண்டு திட்டில் உட்கார்ந்தாள். அவளுடைய முட்டி பாவாடைக்கு மேலேயே வீங்கித் தெரிந்தது.

கிடங்கின் காவலாளி வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். "ஏம்ப்பா, இது காரா பைக்கா? ரெண்டும் கல்யாணம் பண்ணிக்கிச்சா?"

யாரும் சிரிக்கவில்லை என்றதும் உள்ளே போய், மூட்டை தள்ளும் தள்ளுவண்டி ஒன்றையும் கயிற்றையும் எடுத்து வந்தார். முறிந்த மூலையைத் தூக்கித் தள்ளுவண்டிமேல் வைத்துக் கட்டினோம். முடிச்சை மாமா போட்டார். நான் அவிழ்த்து இன்னொரு முறை போட்டேன். அவர் கயிற்றை இழுத்துப் பிடித்துக் கொடுத்தார்.

"எடைக்குப் போட்டுடறேன்," என்றார்.

"போடுங்க," என்றாள் அக்கா. "போட்டுட்டு என்னை தினமும் முதுகுல தூக்கிட்டுப் போங்க."

"இப்பவே தூக்கிட்டுப் போறேன். வா."

"இந்த மேட்டுலயா? நாளைக்கு உங்க இடுப்பை யார் தூக்கறது?" நிற்கப் பார்த்தாள். முடியவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். "யாராவது ஒருத்தர் ஹேண்டிலைப் பிடிச்சாத்தானே வண்டி நேரா போகும்? நான் உக்காந்து பிடிக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் தள்ளுங்க."

"அதுல நீயா?" மாமாவின் குரல் உடைந்தது. "வேண்டாம். அதுல வேண்டாம்."

பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஏறலாமா?" என்று மாமா கேட்டார். சயின்டிஸ்ட் என்று சொல்லவில்லை.

நான் எதிர்பார்க்காதது அது. இத்தனை நாள் நான் பயப்பட்டுக்கொண்டே இருந்தேன், அவர்கள் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். என் பேச்சினால் யாரும் எதுவும் செய்ததில்லை. இப்போது நான் சொன்னால் அக்கா ஏறுவாள். ஏற்றத்தில் பாரம் பின் சக்கரத்துக்குப் போகும். நடக்கும் வேகம். பிரேக் இல்லை. கணக்கு சரிதான். ஆனால் சீட்டைத் தாங்கும் சட்டத்தில் நான் சுரண்டிப் பார்க்காத நான்கு ஜாயின்ட்கள் இருந்தன. நான்கும் வழவழவென்று, சிவப்பாக, அழகாக இருந்தன.

"முதல்ல நான் உக்காந்து பாக்கறேன்," என்றேன்.

ஏறி உட்கார்ந்தேன். அக்காவின் அளவுக்குச் செய்தது, என் கால் எட்டவில்லை. சீட்டைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் குதித்தேன். காவலாளி என்னை ஒரு மாதிரி பார்த்தார். எந்தச் சத்தமும் இல்லை. இன்னொரு முறை குதித்தேன். இறங்கினேன்.

"ஏறு," என்றேன்.

அக்கா உடனே ஏறினாள். 'நிச்சயமாடி?' என்று ஒரு வார்த்தை கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. காலை நீட்டினாள். குதிகால் தகட்டில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது.

மாமா பின்னால் நின்று தள்ளினார். நான் இடது பக்கம், கயிற்றுக்குப் பக்கத்தில், ஒரு கையைச் சீட்டின் அடியில் கொடுத்துக்கொண்டு நடந்தேன். வண்டி ஏறியது. வாசல்களில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். அக்கா யாரையும் பார்க்கவில்லை. மேட்டின் பாதியில் பின் சக்கரம் ஒரு குழியில் இறங்கி ஏறியது.

மாமா நின்றுவிட்டார். வண்டி பின்னால் உருளாதபடி உடம்பால் முட்டுக் கொடுத்துக்கொண்டு, மூச்சுவாங்க, "சத்தம் கேட்டுச்சா?" என்றார்.

எனக்குக் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. குனிந்து சீட்டின் அடியில் காதை வைத்தேன். இரும்பு வெயிலில் சூடாக இருந்தது.

"என்னடி?" என்றாள் அக்கா, திரும்பாமல், ஹேண்டிலை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு. "போலாமா?"

இருவரும் நான் சொல்வதற்காகக் காத்திருந்தார்கள்.